ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது எப்படி, பிடித்த பிறகு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலையில் தெருவில் டாங்கிகள், வானொலியில் அணிவகுப்பு இசை, "நாட்டின் நலன் கருதி" என்று தொடங்கும் ஓர் அறிக்கை. 1950-க்குப் பிறகு உலகத்தில் சுமார் ஐந்நூறு முறை இப்படி முயன்றிருக்கிறார்கள். ஏறக்குறைய பாதி பலித்திருக்கிறது. எங்காவது இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ராணுவப் புரட்சி, ஆட்சிக் கவிழ்ப்பு இரண்டும் ஒன்றா?

நம் பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதுகின்றன. எனக்குப் 'புரட்சி' என்ற சொல் கொஞ்சம் உறுத்தும். புரட்சியில் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வருவார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் இரவில் மக்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த காவல்காரரே வீட்டுக்காரரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் இது.

'ஆட்சிக் கவிழ்ப்பு' என்ற சொல்லிலும் ஒரு சங்கடம் உண்டு. எம்.எல்.ஏ.க்கள் கட்சி தாவி அரசு விழுந்தாலும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். அதனால் இங்கே 'கவிழ்ப்பு' என்று வந்தால் துப்பாக்கியோடு நடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிபர் மாளிகை இருக்க, ஏன் முதலில் வானொலி நிலையத்துக்கும் டி.வி. நிலையத்துக்கும் ஓடுகிறார்கள்?

இதற்கு விடை தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கவிழ்ப்பில் நேரடியாக இறங்குகிறவர்கள் மொத்த ராணுவத்தில் மிகச் சிறு பகுதிதான். மீதிப் பேர் முகாம்களில் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு படைப்பிரிவுத் தளபதியை எழுப்பி, தலைநகரில் ஏதோ நடக்கிறது என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் யார் பக்கம் என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பதுதான் அவர் மனத்தில் ஓடும். தப்பான பக்கம் நின்றால் தூக்குமேடை, சரியான பக்கம் நின்றால் பதவி உயர்வு. பக்கத்து முகாமில் இருக்கும் பழைய நண்பருக்கு ஃபோன் போடுகிறார். அவரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறார். அத்தனை பேரும் மதில்மேல் பூனை. சொந்த ராணுவத்தோடு சுட்டுக்கொள்ள யாருக்கும் மனமும் இல்லை.

அந்த நேரத்தில் ஒரு கர்னல் வானொலியில் நிதானமான குரலில், எல்லாம் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று படித்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. அவர் சொல்வது அப்போது உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எல்லாரும் அதைக் கேட்டார்கள், எல்லாரும் கேட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மதிலிலிருந்து ஒவ்வொருவராக அந்தப் பக்கமே இறங்குவார்கள். விடிவதற்குள் அது உண்மையாகியும்விடும்.

எதிர்த்தரப்புக்கும் இதே வழிதான். 1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுத் தளபதிகள் நால்வர் அரசை எதிர்த்துக் கிளம்பினார்கள். அதிபர் தெகோல் ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்டு வானொலியிலும் டி.வி.யிலும் பேசினார். அங்கே கட்டாயச் சேவையில் இருந்த பையன்கள் முகாம்களில் சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். தளபதிகளின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று நாட்டின் தலைவரே சொல்லிவிட்டார். சில நாளில் எல்லாம் பிசுபிசுத்துப் போனது.

1981 பிப்ரவரியில் ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்குள் சுமார் இருநூறு ஆயுதக் காவலர்களோடு ஓர் அதிகாரி புகுந்து கூரையைப் பார்த்துச் சுட்டார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் மன்னர் டி.வி.யில் சீருடையோடு தோன்றி அரசியல் சட்டத்தின் பக்கம் நிற்பதாகச் சொன்னதும் கதை மாறியது. குண்டு துளைத்த அடையாளங்கள் அந்த மண்டபத்தின் கூரையில் இன்னும் இருக்கின்றன.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சியைப் பிடித்ததாக அறிவித்தவர்கள் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். துணை அதிபர் யனாயெவின் கைகள் நடுங்குவதை நாடு முழுக்க டி.வி.யில் பார்த்தது. அன்று இரவுச் செய்தியிலேயே அவர்களை எதிர்த்து நின்ற ரஷ்யத் தலைவர் யெல்ட்சின் டாங்கி மேல் ஏறி நிற்கும் காட்சியும் வந்துவிட்டது. மூன்று நாள் தாங்கவில்லை.

செல்ஃபோன், இணையம் வந்த பிறகும் இது பலிக்குமா?

பலிக்கிறது, ஆனால் கதவுகள் அதிகமாகிவிட்டன. 2016 ஜூலை 15 இரவு துருக்கியில் கிளர்ச்சிக்காரர்கள் பழைய பாடத்தின்படி அரசு டி.வி.யைப் பிடித்து, செய்தி வாசிப்பாளரை மிரட்டி அறிக்கையைப் படிக்க வைத்தார்கள். தனியார் சேனல்களைக் கோட்டைவிட்டார்கள். விடுமுறையில் வெளியூரில் இருந்த அதிபர் எர்டோகன் வீடியோ அழைப்பில் வந்தார். சேனல்காரர் தன் ஃபோனையே கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தார். ஓர் அதிபர் உள்ளங்கை அளவு திரையிலிருந்து மக்களைத் தெருவுக்கு வரச் சொன்னார், அவர்களும் வந்தார்கள். சுமார் 250 பேர் உயிரிழந்தார்கள், முயற்சி விடிவதற்குள் தோற்றது.

யார் செய்கிறார்கள், தளபதியா கீழே இருப்பவர்களா?

பதவியைப் பொறுத்து முறையும் மாறும். தலைமைத் தளபதியே செய்தால் பல நேரம் ஒரு தோட்டாகூடச் செலவாகாது. 2014 மே 22 அன்று தாய்லாந்துத் தளபதி பிரயுத், சண்டையிட்டுக்கொண்டிருந்த கட்சித் தலைவர்களையும் அரசுப் பிரதிநிதிகளையும் சமரசப் பேச்சுக்கு என்று ராணுவ அரங்கத்துக்கு அழைத்தார். அரசு விலகுமா என்று கேட்டார். விலகாது என்று பதில் வந்தது. அப்படியென்றால் ஆட்சியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் அப்படியே காவலில் போனார்கள்.

மேஜர், கர்னல் அளவில் இருப்பவர்களுக்குப் படை முழுவதும் கையில் இல்லை. அதனால் ரகசியமும் வேகமும் வேண்டும். 1952-இல் எகிப்தில் நாசர் குழு, 1967-இல் கிரேக்கக் கர்னல்கள், 1969-இல் லிபியாவில் 27 வயது கடாபி எல்லாம் இந்த வகை. சிப்பாய் மட்டத்திலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் ரத்தம்தான். 1980-இல் லைபீரியாவில் சார்ஜென்ட் பதவியில் இருந்த சாமுவேல் டோ அதிபரைக் கொன்று ஆட்சிக்கு வந்தார். சில நாளில் முந்தைய அரசின் 13 பேரைக் கடற்கரையில் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். பத்து வருஷம் கழித்து உள்நாட்டுப் போரில் டோவே கொல்லப்பட்டார்.

ஊழல், குழப்பம், நாடு நாசமாகிறது என்கிறார்களே, அவைதானே காரணம்?

அறிக்கையில் எழுதுவது அதைத்தான். பொய் என்றும் சொல்ல முடியாது, ஊழலும் குழப்பமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஊழலும் குழப்பமும் உள்ள நாடுகள் எத்தனையோ, அவற்றில் ராணுவம் ஒவ்வொரு வாரமும் கிளம்பிவிடுவதில்லை. கிளம்பும் நாளைத் தீர்மானிப்பது பல நேரம் ராணுவத்துக்குள் இருக்கும் சொந்த வயிற்றெரிச்சல்.

பாகிஸ்தானில் 1999 அக்டோபர் 12-ஐப் பாருங்கள். இலங்கை ராணுவத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் போய்விட்டுக் கொழும்பிலிருந்து பயணிகள் விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார் ராணுவத் தளபதி முஷாரஃப். அவர் வானத்தில் இருக்கும்போதே பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அவரைப் பதவிநீக்கி வேறொருவரைத் தளபதியாக்கினார். கராச்சியில் விமானத்தை இறங்கவிடக் கூடாது என்று உத்தரவும் போனது. விமானம் எரிபொருள் குறையக் குறைய மேலே சுற்றியது. கீழே முஷாரஃபின் ஆட்கள் விமான நிலையத்தைப் பிடித்தார்கள், விமானம் இறங்கியது, ஆட்சி கைமாறியது. அந்த ஒரு நாளில் நாட்டின் ஊழல் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு தளபதியின் வேலை போனது, அவ்வளவுதான்.

1966-இல் கானா அதிபர் நிக்ரூமா ஹனோய்க்குப் போகும் வழியில், பெய்ஜிங்கில் இருந்தபோது கவிழ்க்கப்பட்டார். பொருளாதாரச் சரிவு உண்மை. கூடவே, தன் பாதுகாப்புக்கென்று அவர் வளர்த்த தனிக் காவல்படைக்கு நல்ல கருவிகளும் சலுகையும் போக, வழக்கமான ராணுவம் வறண்டு கிடந்தது என்பதும் உண்மை. சிப்பாய்க்குப் பூட்ஸ் கிடைக்காத நாட்டில் கொள்கை பேசுவது சுலபம்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பாகிஸ்தான் பிரதமர் பூட்டோ, பின்னால் தன்னையே கவிழ்க்கப் போகும் ஆள் என்று தெரியாமல், பல மூத்த ஜெனரல்களைத் தாண்டி ஜியா உல் ஹக்கைத் தளபதியாக்கினார். ஷெரீஃப் முஷாரஃபை அதே மாதிரி மேலே கொண்டுவந்தார். சிலியில் அதிபர் அயெந்தே 1973 ஆகஸ்ட் 23 அன்று பினோசெட்டைத் தரைப்படைத் தளபதியாக்கினார், சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, போர் விமானங்கள் அவருடைய மாளிகைமேல் குண்டு போட்டன. நம்பிக்கையான ஆள் என்று தேடித் தேடி வைத்தவர்கள் இவர்கள்.

ஏழை நாடுகளில்தான் நடக்கிறதா?

பெரும்பாலும். ஆனால் கிரேக்கம், சிலி, அர்ஜென்டினா எல்லாம் பரம ஏழை நாடுகள் அல்ல. வறுமையைவிட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது: அந்த நாட்டில் சமீபத்தில் ஒரு கவிழ்ப்பு நடந்ததா என்பது. ஒரு முறை நடந்தால், சீருடைக்காரரும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று கீழே இருக்கும் ஒவ்வோர் அதிகாரிக்கும் தெரிந்துவிடுகிறது. சிரியாவில் 1949-இல் மார்ச்சில் ஒருவர் பிடித்தார், ஆகஸ்டில் அவரைக் கொன்று இன்னொருவர், டிசம்பரில் மூன்றாமவர். ஒரே வருஷம். தாய்லாந்தில் 1932 முதல் பத்துக்கும் மேற்பட்ட கவிழ்ப்புகள். புர்கினா ஃபாசோவில் 2022 ஜனவரியில் ஒன்று, அதைச் செய்தவரையே தள்ளிவிட்டு செப்டம்பரில் மற்றொன்று.

எல்லாம் வெளிநாட்டுச் சதி என்கிறார்களே?

சில இடங்களில் அது வதந்தி அல்ல, ஆவணமாகவே இருக்கிறது. 1953-இல் ஈரானில் எண்ணெயைத் தேசியமயமாக்கிய பிரதமர் மொசாதேக்கை வீழ்த்தியதில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் பங்கு நிச்சயம். அமெரிக்க உளவுத்துறையின் 2013-இல் வெளியான ஆவணங்களிலேயே ஒப்புதல் இருக்கிறது. 1954-இல் குவாதமாலாவிலும் இதே கதை. 1964-இல் காபோன் அதிபர் கவிழ்க்கப்பட்டபோது பிரான்ஸ் துருப்புகளை இறக்கி அவரைத் திரும்ப உட்கார வைத்தது. ஆக, கவிழ்ப்பதற்கும் வருவார்கள், கவிழாமல் காப்பதற்கும் வருவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் தலையிலேயே கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே அதிருப்தியான ஜெனரல் ஒருவரும் இல்லாத நாட்டில் வெளியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பணம் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஈரானிலேயே முதல் முயற்சி படுதோல்வி. மன்னர் ஷா நாட்டைவிட்டே ஓடிவிட்டார். மூன்று நாள் கழித்து இரண்டாம் முறை பலித்ததற்கு உள்ளூர் அதிகாரிகளும் தெருக் கூட்டமும் வேண்டியிருந்தது.

இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? பாகிஸ்தானும் அதே பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து பிரிந்ததுதானே?

ஒழுக்கம், பாரம்பரியம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் நீங்கள் சொல்வது போல, அந்தப் பாரம்பரியம் இருவருக்கும் பொது. வேறுபட்டது அரசியல் பக்கம். இந்தியாவில் காங்கிரஸ் ஊர் ஊராக வேரூன்றிய கட்சி. 1950-இல் அரசியல் சட்டம், 1951-52-இல் தேர்தல். பாகிஸ்தானில் முதல் அரசியல் சட்டம் வரவே 1956 ஆனது, 1958-இல் ராணுவச் சட்டம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த அதிபர் இஸ்கந்தர் மிர்சாவை மூன்றே வாரத்தில் அயூப் கான் நாடு கடத்தினார்.

அதோடு நேரு சின்னச் சின்ன ஏற்பாடுகளைச் செய்தார். தலைமைத் தளபதி குடியிருந்த தீன் மூர்த்தி மாளிகை பிரதமர் வீடானது. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது டில்லியில் எல்லாருக்கும் புரியும் மொழி. முப்படைக்கும் மேலே இருந்த தலைமைத் தளபதி என்ற பதவி 1947-இலேயே எடுக்கப்பட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத் தனித்தனித் தளபதிகள் என்றானது. 1955-இல் 'தலைமைத் தளபதி' என்ற பட்டமும் போனது. மூன்றுக்கும் பொதுவாக ஓர் அதிகாரி மறுபடி வந்தது 2020-இல்தான். உள்துறையின் கீழ் துணை ராணுவப் படைகள் பெருத்தன. இவற்றில் எது ஒன்றும் தனியாகத் தடுத்திருக்காது. ஒரே இரவில் எல்லா முகாமையும் ஒரே பக்கம் சாய்க்கக்கூடிய ஒரு தனி ஆள் உருவாகாமல் பார்த்துக்கொண்டன.

இலங்கையில்?

முயன்றார்கள், 1962 ஜனவரி 27 இரவு. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர். ராணுவம், கடற்படை, போலீஸ் மூன்றிலும் இருந்த, பெரும்பாலும் கிறிஸ்தவர்களான உயரதிகாரிகளின் திட்டம் அது. சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். சிறிமாவோவின் கணவர் பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலத்திலிருந்து சிங்கள பௌத்த அரசியல் மேலே வர, ஆங்கிலம் படித்த தங்கள் வகுப்பின் கை இறங்குகிறது என்ற கோபம் பின்னணியில் இருந்தது. கொழும்புக்குள் ரோந்து வண்டிகளை விட்டு, அமைச்சர்களை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அன்றைக்கே ஒரு போலீஸ் அதிகாரி மனம் மாறி மனைவியிடம் சொல்ல, மனைவி தன் அப்பாவிடம் சொல்ல, எம்.பி.யான அவர் அரசின் காதில் போட்டுவிட்டார். ஒரு வேட்டும் வெடிக்கவில்லை. சதி செய்தவர்களைத் தண்டிக்க அரசு பின்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றியது. 24 பேர் மீது வழக்கு, 11 பேருக்குத் தண்டனை. அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், நீதிமன்றத்தின் வேலையை நாடாளுமன்றம் பறிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தையே செல்லாதென அறிவித்து அத்தனை பேரையும் விடுவித்தது. சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள்.

ஆட்சி கவிழ்ந்ததும் மக்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

வருபவரைப் பிடித்து அல்ல, போகிறவரைப் பிடிக்காமல். 1999-இல் பாகிஸ்தானில் இனிப்பு வழங்கியவர்கள் ஜனநாயக விரோதிகள் அல்லர், ஷெரீஃப் மேல் சலித்துப் போனவர்கள். சீக்கிரம் தேர்தல் வைத்துவிட்டுப் போய்விடுவோம் என்று வேறு சொல்வார்கள். ஜியா உல் ஹக் 1977 ஜூலையில் தொண்ணூறு நாள் கெடு சொன்னார். பதினொரு ஆண்டு கழித்து விமான விபத்தில் இறக்கும்போதும் அவர்தான் அதிபர். இடையில் பூட்டோவைத் தூக்கிலும் போட்டாயிற்று.

ஏன் சொன்னபடி போவதில்லை? சிலருக்கு ஆசை. எல்லாருக்கும் பயம். புலி வாலைப் பிடித்த கதைதான்: விட்டால் தேசத்துரோக வழக்கு காத்திருக்கிறது.

நீதிமன்றங்கள் தடுக்காதா?

பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1958-இல், ஜெயித்துவிட்ட கவிழ்ப்பு தானே சட்டம் ஆகிவிடுகிறது என்றது. 1977-இல் 'தவிர்க்க முடியாத தேவை' என்று ஏற்றது. 2000-இல் முஷாரஃபுக்கு மூன்றாண்டு அவகாசமும் அரசியல் சட்டத்தைத் திருத்தும் உரிமையும் கொடுத்தது. வாசலில் டாங்கி நிற்கும்போது நீதிபதிகளிடம் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான் போல.

ராணுவ ஆட்சியில் சாதாரண மனிதருக்கு என்ன ஆகிறது?

கைதுகள், ஊரடங்கு, காணாமல் போகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சிலியில் கொல்லப்பட்டும் காணாமல் போயும் அழிந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல் என்பது அரசே ஏற்ற கணக்கு. நான் பர்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ரத்தத்தோடு கணக்குப் புத்தகமும் அழிந்தது.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகள், 1964-இல் மளிகைக் கடை வரைக்கும் தேசியமயம். அதே 1964-இல் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம், அந்தப் பத்தாண்டில் சுமார் மூன்று லட்சம் பேர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அப்புறம் 1987-இல் மறுபடி நோட்டு ஒழிப்பு. இந்த முறை 25, 35, 75 சாட் நோட்டுகள் போயின. பதிலுக்கு வந்தவை 45 சாட், 90 சாட் நோட்டுகள். ஏன் இந்த விநோதமான தொகை? இரண்டும் ஒன்பதால் வகுபடும், ஜெனரலுக்கு ஒன்பது ராசியான எண். கடையில் மீதிச் சில்லறை கொடுப்பவரை நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்க நாடாளுமன்றம் இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை, வேண்டாம் ஐயா என்று சொல்லும் நிதி அமைச்சரும் இல்லை. மறு வருஷம் நாடே தெருவுக்கு வந்தது.

போகட்டும், ராணுவமாவது பலமாகுமே?

இல்லை, பெரும்பாலும் அதுதான் முதலில் கெடுகிறது. 2012 மார்ச்சில் மாலியின் வடக்கில் கிளர்ச்சியாளர்களோடு சண்டை. அரசு சரியாக ஆயுதம் தரவில்லை என்று கோபப்பட்ட சிப்பாய்கள் ஒரு கேப்டன் தலைமையில் ஆட்சியையே பிடித்தார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. தலைநகரில் யார் யாருக்குச் சல்யூட் அடிப்பது என்று தெரியாத நிலையில், மாத இறுதியில் கிடால், மறுநாள் காவ், அதற்கு மறுநாள் டிம்பக்டு என்று மூன்று நாளில் மூன்று நகரங்கள் விழுந்தன. எந்தப் போரை நன்றாக நடத்தப் போகிறோம் என்று வந்தார்களோ அந்தப் போரில்தான் இந்தத் தோல்வி. அர்ஜென்டினா தளபதிகள் 1982-இல் பால்க்லாந்து தீவுகளைப் பிடிக்கப் போய்ப் பத்தே வாரத்தில் சரணடைந்தார்கள். கிரேக்கக் கர்னல்கள் 1974-இல் சைப்ரஸில் கைவைத்தார்கள். துருக்கி படையெடுக்கவும் சில நாளில் அவர்கள் ஆட்சியே கலைந்தது.

கவிழ்த்து வந்தவர் தூங்க மாட்டார். நான் எப்படி வந்தேனோ அப்படியே இன்னொருவர் வருவார் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் திறமையான அதிகாரியைத் தூரத்துக்கு மாற்றுவார், படைப்பிரிவுகள் ஒன்றோடொன்று பேசாமல் வைப்பார், ராணுவத்துக்குப் போட்டியாக இன்னொரு படையை வளர்ப்பார். சூடானில் 1989-இல் இப்படி வந்த பஷீர், தார்ஃபூரில் அட்டூழியம் செய்த குதிரைப்படைக் கும்பல்களிலிருந்து 2013-இல் 'அதிரடி ஆதரவுப் படை' ஒன்றை அமைத்தார். 2019-இல் அந்தப் படையும் ராணுவமும் சேர்ந்தே அவரைக் கைவிட்டன. 2021-இல் இரண்டும் கூட்டாக மறுபடி ஆட்சியைப் பிடித்தன. 2023 ஏப்ரல் 15 அன்று ஒன்றையொன்று சுடத் தொடங்கின. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்து அலைகிறார்கள். ஒரு மனிதர் தன் நாற்காலிக்குக் காவலாக வைத்த ஏற்பாடு அது.

நல்ல கவிழ்ப்பு என்று ஒன்று உண்டா?

எல்லாரும் காட்டுவது போர்ச்சுகல், 1974 ஏப்ரல் 25. நள்ளிரவு தாண்டி வானொலியில் தடைசெய்யப்பட்ட பாடகர் ஒருவரின் பாட்டு ஒலித்தது. அதுதான் சமிக்ஞை, முகாம்களிலிருந்து வண்டிகள் கிளம்பின. மக்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் சிவப்புப் பூவைச் செருகினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 25-இல், சுதந்திரமான தேர்தல் நடந்தது. அந்தச் சர்வாதிகாரம் தொடங்கியதே 1926-இல் நடந்த ஒரு ராணுவக் கவிழ்ப்பில்தான் என்பதையும், இந்தக் கேப்டன்கள் முதலில் கூடியது பதவி உயர்வு விதி பற்றிய மனக்குறையில்தான் என்பதையும் கூட்டிச் சொல்ல வேண்டும்.

தென் கொரியாவின் பார்க் சுங் ஹீயையும் சொல்வார்கள். தொழில் வளர்ந்தது உண்மை. 1979-இல் அவரை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்துக்குள் அடுத்த கவிழ்ப்பு நடந்தது, மறு வருஷம் குவாங்ஜூ நகரில் மக்கள் சுடப்பட்டார்கள். தொழிற்சாலையை மட்டும் எண்ணிக்கொண்டு பிணங்களை விட்டுவிடும் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை.

ஆட்சியில் இருப்பவரே கவிழ்ப்புச் செய்யலாமா?

செய்கிறார்கள். 1992-இல் பெருவின் ஃபுஜிமோரி ராணுவத்தை வைத்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார், பலித்தது. 2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய அதிபர் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். எம்.பி.க்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள், 190 பேர் கூடி அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். ஆறு மணி நேரம்தான்.

மக்கள் நினைத்தால் தடுக்க முடியுமா?

முதல் சில நாளில் முடியும். 1920 மார்ச்சில் பெர்லினைப் பிடித்தவர்களுக்கு அரசு ஊழியர்கள் கோப்பை நகர்த்த மறுத்தார்கள். பொது வேலைநிறுத்தத்தில் ரயில், மின்சாரம், தண்ணீர் எல்லாம் நின்றன. நாலைந்து நாளில் தலைவர் ஓடிப்போனார். ராணுவம் முழுசாக ஒரே பக்கம் நின்றுவிட்டால் கஷ்டம். மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 காலை ஓர் உடற்பயிற்சி ஆசிரியை நாடாளுமன்றச் சாலையில் வழக்கம்போல் ஆடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், பின்னால் கறுப்பு வண்டிகள் வரிசையாகப் போயின. அடுத்தடுத்த இரவுகளில் மக்கள் பாத்திரங்களைத் தட்டினார்கள், வேலைக்குப் போக மறுத்தார்கள், சுடப்பட்டார்கள். அது இப்போது உள்நாட்டுப் போர்.

உலக நாடுகள் என்ன செய்யும்?

கண்டிக்கும். ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பு 2000 முதல் இப்படி வரும் அரசுகளை உறுப்பினர் இடத்திலிருந்து நிறுத்திவைக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்த வேண்டும். 2013-இல் எகிப்தில் அது நடந்தபோது, வருஷம் 130 கோடி டாலர் ராணுவ உதவி அதில் மாட்டியிருந்தது. வாஷிங்டன் அதைக் கவிழ்ப்பு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2023-இல் நைஜரில் ராணுவம் வந்ததும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு ஒரு வாரம் கெடு விதித்துப் படை அனுப்புவோம் என்றது. கெடு முடிந்தது, படை போகவில்லை. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அந்தக் கூட்டமைப்பைவிட்டே வெளியேறிவிட்டன.

கடைசியில் ராணுவம் எப்படித்தான் வெளியே போகிறது?

போரில் தோற்று, அல்லது பேரம் பேசி. பேரத்தில் அவர்கள் கேட்பது முதலில் உயிர், அடுத்து ஓய்வூதியம். சிலியில் 1988 வாக்கெடுப்பில் தோற்று 1990-இல் இறங்கிய பினோசெட், 1998 வரை தரைப்படைத் தளபதியாகவே நீடித்தார். மியான்மரில் 2008 அரசியல் சட்டத்தை எழுதும்போதே நாடாளுமன்றத்தில் கால்வாசி இடத்தைத் தங்களுக்கு ஒதுக்கி, முக்கால் பங்குக்கு மேல் வாக்கு இல்லாமல் சட்டத்தைத் திருத்த முடியாது என்று போட்டுக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியும்.

துருக்கியில் 1980-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எவ்ரென், தன்மீது வழக்கே போட முடியாதபடி 1982 அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார். அதை 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நீக்கினார்கள். 2014-இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, ஜெனரல் பட்டத்தைப் பறித்துச் சாதாரணச் சிப்பாயாக்கியது. அப்போது அவருக்கு வயது 96. மேல்முறையீடு முடிவதற்குள், 2015 மே மாதம், ராணுவ மருத்துவமனையில் இறந்தார். தீர்ப்பு இறுதியாகவில்லை என்பதால் அங்காராவில் அரசு கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.